வாசலில் கிடந்தவரின் பெயர்

பொதுக்காலம் 26ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை
நற்செய்தி: லூக்கா 16:19-31



தீப்பெட்டி ஆபீசுக்குள் முதன்முதலாக நுழைகிற ஒருவர் உடனே மூக்கைப் பொத்துவார். குச்சி முனையில் ஏற்றும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது, கந்தகம் இருக்கிறது, பசை இருக்கிறது. அந்த வாடை தொண்டைவரை இறங்கும். கால் மணி நேரம் கழித்து அவரிடமே, "வாடை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "எந்த வாடை?" என்பார். வாடை எங்கும் போகவில்லை. மூக்கு அதைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

நம் கோவில்பட்டிப் பக்கத்தில் இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. மில் சங்கு ஊதினால் வெளியூர் விருந்தாளி திடுக்கிட்டு நிமிர்வார். நாம் பேச்சைக்கூட நிறுத்த மாட்டோம். கோவில் மணிக்கு அடுத்த வீட்டுக்காரர்தான் திருப்பலிக்குக் கடைசியாக வருகிறார் என்று பங்குத்தந்தையர் வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு.

இது மனிதருக்கு மட்டும் நேர்வதில்லை. எரிக் காண்டல் என்ற அறிவியலாளர் அப்ளீசியா என்னும் கடல் நத்தையை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நத்தையின் உடலில் ஓரிடத்தில் மெதுவாகத் தொட்டால், அது தன் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி மறுபடி தொட்டால் இழுப்பது குறையும். கடைசியில் பொருட்படுத்தவே செய்யாது. இதனால் தனக்கு ஆபத்தில்லை என்று அதன் நரம்புகள் கற்றுக்கொண்டுவிடுகின்றன. வாலில் சுருக்கென்று ஒரு மின் அதிர்ச்சி கொடுத்தால் பழைய கூர்மை திரும்பிவிடும். ஆனால் ஒரே ஒரு அதிர்ச்சியால் வந்த விழிப்பு சில நிமிடங்கள்தான் தாங்கும். கற்றலும் நினைவும் நரம்புகளில் எப்படி நடக்கின்றன என்று காட்டியதற்காக 2000ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். அந்தச் சில நிமிடங்களை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

பழகிப்போவது ஒரு வகையில் கடவுள் கொடுத்த வரம்தான். உடுத்திய சட்டை தோலில் உரசுவதை நாள் முழுக்க உணர்ந்துகொண்டிருந்தால் நாம் எந்த வேலையும் செய்ய முடியாது. சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் நிற்கிறவருக்கு வெயில் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்த வரத்துக்கு ஒரு குறை உண்டு. எதற்குப் பழக வேண்டும், எதற்குப் பழகக் கூடாது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. கந்தக வாடைக்குப் பழகுவதைப் போலவே வாசலில் கிடக்கும் மனிதருக்கும் பழகிவிடும்.

இன்றைய நற்செய்தியில் நாம் கேட்பது இதைத்தான்.

செல்வர் ஒருவர் இருந்தார். விலையுயர்ந்த உடை, நாள்தோறும் விருந்து. அவர் வீட்டு வாசலில் இலாசர் என்னும் ஏழை, உடலெல்லாம் புண்ணாகக் கிடந்தார். இந்தக் கதையைக் கேட்டதும் செல்வரை ஒரு கொடியவராக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். நற்செய்தியில் அப்படி எதுவும் இல்லை. இலாசரை அவர் அடிக்கவில்லை, விரட்டவில்லை, ஆளை வைத்துத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வாசலில் கிடக்க விட்டார். ஒருவேளை, அப்படி விட்டதையே தன் பெருந்தன்மையாக அவர் நினைத்திருக்கலாம்.

இயேசு சொன்ன உவமைகளில் பெயர் பெற்ற கதைமாந்தர் இந்த இலாசர் ஒருவர்தான். விதைப்பவருக்குப் பெயர் இல்லை, ஊதாரி மகனுக்குப் பெயர் இல்லை, நல்ல சமாரியருக்கும் இல்லை. இந்த ஏழைக்கு மட்டும் பெயர் உண்டு; கடவுள் உதவினார் என்பது அதன் பொருள். செல்வருக்குப் பெயரே இல்லை. மறையுரைகளில் இதைப் பலமுறை கேட்டிருப்போம். ஆனால் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் இன்னொன்று இருக்கிறது. இறந்தபின் வேதனையில் கிடக்கும் செல்வர் ஆபிரகாமை நோக்கிக் கூவும்போது, அந்த ஏழையைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறார். இலாசரை அனுப்பும், அவர் விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்து என் நாவைக் குளிரச் செய்யட்டும் என்று கேட்கிறார்.

அப்படியானால் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. யாரோ ஒரு பிச்சைக்காரர் என்று அவர் சொல்லவில்லை. எத்தனையோ நாள் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார், வந்திருக்கிறார். வேலைக்காரர்கள் பேசக் கேட்டிருப்பார். இலாசர் அவருக்கு அந்நியர் அல்லர், நன்றாகத் தெரிந்தவர். தெரிந்தவராக இருந்ததால்தான் கண்ணில் படவில்லை. உயிரோடு இருந்தபோது இரண்டடி தூரத்தில் கிடந்தவரை, இறந்தபின் பெரும் பள்ளத்துக்கு அப்பால், வெகு தொலைவிலிருந்து அண்ணாந்து பார்க்கிறார். அப்போதும் அவர் இலாசரிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. ஆபிரகாமிடம்தான் பேசுகிறார்: அவரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பும், அவரை என் சகோதரர்களிடம் தூது அனுப்பும் என்று. நெருப்பில் கிடந்தும் பழைய பழக்கம் போகவில்லை.

இந்த உவமைக்கு நம் மண்ணிலேயே ஒரு விளக்கவுரை எழுதப்பட்டிருக்கிறது.

1922ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு ஊர் திரும்பினார்கள். மழை பொய்த்தால் கம்பும் இல்லை, சோளமும் இல்லை, பருத்தியும் இல்லை என்றிருந்த மானாவாரி பூமிக்கு அது பெரிய வரம். ஈரம் குறைந்த காற்றும் காயும் வெயிலும் விவசாயிக்குச் சாபமாக இருந்தன; தீப்பெட்டிக்கு அவையே தேவையாக இருந்தன. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியது. எத்தனையோ குடும்பங்கள் அடுப்பு மூட்டியது இந்தத் தொழிலால்தான். இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்வது நேர்மையாகாது.

அடுத்தது இது. பல பத்தாண்டுகள், விடியுமுன்னே மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், கரிசல் கிராமங்களுக்கு ஆபீஸ் வண்டி வந்தது. பிள்ளைகளை எழுப்பிவிடவே ஊரில் ஓர் ஏஜென்ட் இருந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் ஏறினார்கள். அவர்களில் பெண்பிள்ளைகள்தான் அதிகம். தம்பி பள்ளிக்கூடம் போவான், அக்கா ஆபீசுக்குப் போவாள். கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், லேபிள் ஒட்டினார்கள். அடுக்கிய கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. பெற்றோர் வாங்கிய முன்பணம் கழியும்வரை போய்த்தான் தீரவேண்டும்.

இது இருட்டில் மறைத்துச் செய்த காரியம் அல்ல. வண்டி ஊர் நடுவில்தான் நின்றது. அதன் ஹாரன் சத்தம் ஊருக்கே கேட்டது. விடியற்காலைத் திருப்பலிக்கு நடந்தவர்களும் அந்த வண்டியைக் கடந்துதான் நடந்திருப்பார்கள். ஏறும் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் தெரியும். இன்னார் மகள், இன்னார் பேத்தி, போன வருடம் புதுநன்மை வாங்கியவள். பெயர் தெரிந்திருந்தது, வயதும் தெரிந்திருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு, 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட எந்தக் குழந்தையையும் ஆலையிலோ சுரங்கத்திலோ ஆபத்தான வேறு தொழிலிலோ வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. அதுவும் எழுதப்பட்டுக் கண்ணெதிரே இருந்தது.

பெற்றோர் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். மழை இல்லாத வருடத்தில் வேறென்ன செய்வது என்றார்கள். முதலாளிகள் பலர் கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாரிக் கொடுத்தவர்கள். ஊர் வாழ்கிறது, தொழில் வளர்கிறது, குட்டி ஜப்பான் என்று பெயர் வாங்கியாயிற்று. இதில் குற்றவாளி என்று ஒருவரைப் பிடித்து நிறுத்துவது கடினம். செல்வரின் வாசலிலும் அப்படித்தான். யாரும் எதுவும் செய்யவில்லை. எல்லாரும் தாண்டிப் போனார்கள்.

1976ஆம் ஆண்டில் சிவகாசிப் பகுதியில், தீப்பெட்டி ஆலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். செய்தி நாடெங்கும் பரவியது; அரசு விசாரணைக் குழு அமைத்தது. இப்படி ஒரு சாவுக்குப் பிறகாவது அந்த வண்டிகள் நின்றிருக்க வேண்டும் என்று இன்று நாம் நினைக்கிறோம். வண்டிகள் நிற்கவில்லை. கடல் நத்தையின் அந்தச் சில நிமிடங்களை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தீப்பெட்டி செய்வது தடை செய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் இடம் பெற்றது. ஆனால் வீட்டில் குடும்பத்தார் சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்கு இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டும் பிள்ளையைச் சட்டம் பார்க்கவில்லை. பழக்கம் மிகவும் ஆழமாக வேர்விடும் இடம் வீடுதான் என்பதால், அந்த விலக்கு நம்மை யோசிக்க வைக்கிறது.

அதே காலத்தில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா, சிவகாசிக் குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1990இல் வந்த முதல் தீர்ப்பு என்ன சொன்னது தெரியுமா? மருந்து கையாளும் இடத்திலிருந்து தள்ளி, பெட்டிகளை அடுக்கிக் கட்டும் வேலையில் பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடு கொடுக்க வேண்டும். காப்பீடு செய்ய வேண்டும் என்றது. நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். ஆனாலும், பிள்ளை ஏன் அங்கே இருக்கிறாள் என்று கேட்காமல், அவளை எங்கே உட்கார வைப்பது என்றுதான் அது கேட்டது. நீதியரசர்களின் கண்ணும் கண்தான். 1996 டிசம்பர் 10ஆம் நாள் வந்த அடுத்த தீர்ப்பில்தான் கேள்வி மாறியது. ஆபத்தான தொழிலில் வைத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குழந்தை படிக்க வேண்டும், வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க வழி பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதே வழக்கு, அதே பிள்ளைகள். நடுவில் 6 ஆண்டுகள்.

1990இல் சலம் பென்னூர்கர் என்ற இயக்குநர் கர்நாடகத்திலிருந்து வந்து, 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். வெளியூர்க்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் நம் வாசல் நமக்குத் தெரியும் என்பது கொஞ்சம் வெட்கமான செய்திதான். ஆனால் அது மட்டுமே வழியா என்றால், இல்லை. நம் இடைசெவல் கி. ராஜநாராயணன் எங்கிருந்தும் வந்தவர் அல்லர். நாள் முழுக்க நம் வாயிலும் காதிலும் புழங்கி, யாரும் திரும்பிப் பார்க்காத பேச்சுச் சொற்களை, அதே ஊர்களில் இருந்துகொண்டே கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். 1982இல் அது கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியாக வந்தது. அவருக்கு 250 ஆண்டுகளுக்கு முன், காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்த காதால் தமிழைக் கேட்டுச் சதுரகராதி செய்தார். வந்தவருக்கும் கேட்டது, இருந்தவருக்கும் கேட்டது.

தீப்பெட்டி ஊர்களில் பார்வை எப்படித் திரும்பியது? ஒரே ஒரு காரணத்தைச் சொல்வது சரியாகாது. சட்டத்துக்குப் பங்கு உண்டு. கட்டை அடுக்கும் இயந்திரங்களுக்கும் பங்கு உண்டு. பள்ளியில் கிடைத்த சத்துணவுக்கு நிச்சயமாகப் பங்கு உண்டு. ஆனால் இவற்றுக்கு அடியில் ஓசையில்லாமல் நடந்த ஒன்றை நாம் மறக்கக் கூடாது. யாரோ எண்ணத் தொடங்கினார்கள். 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளில் பிள்ளைகளின் பெயரை ஏட்டில் எழுதினார்கள். ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டார்கள். பதில் வராத பெயருக்கு வீடு தேடிப் போனார்கள். மறுநாளும் போனார்கள். ஆபீஸ் வண்டி ஏஜென்டுக்கும் அந்தப் பெயர் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். ஆசிரியர் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார்.

உவமையின் கடைசிப் பகுதிக்கு வருவோம். நம் விசுவாச வாழ்வைப் பற்றிய பகுதி அதுதான்.

தனக்கு இனி வழியில்லை என்று தெரிந்ததும், செல்வர் தன் ஐந்து சகோதரர்களுக்காகக் கேட்கிறார். இலாசரை அவர்களிடம் அனுப்பும் என்கிறார். அவர்களுக்கு மோசேயும் இறைவாக்கினர்களும் உண்டு, அவர்களுக்குச் செவிசாய்க்கட்டும் என்று ஆபிரகாம் பதில் சொல்கிறார். அது போதாது என்கிறார் செல்வர். இறந்தவர் ஒருவர் எழுந்து போனால்தான் மனம் மாறுவார்களாம்.

ஏன் போதாது? அந்த வீட்டில் மறைநூல் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அவர் ஆபிரகாமைத் தந்தையே என்று அழைக்கிறார். நல்ல யூதக் குடும்பம். வறியவருக்குக் கையைத் தாராளமாகத் திறக்க வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 15ஆம் அதிகாரம் சொல்வதை ஓய்வுநாள்தோறும் தொழுகைக்கூடத்துக்குப் போகிறவர் கேட்டிருப்பார். பசித்தவரோடு உணவைப் பகிர வேண்டும் என்ற எசாயாவின் 58ஆம் அதிகாரமும் காதில் விழுந்திருக்கும். இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் ஆமோஸ், தந்தக் கட்டிலில் சாய்ந்துகொண்டு மக்களின் அழிவைப் பற்றிக் கவலைப்படாதவர்களைச் சாடுகிறார். அதுவும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்து தெரிந்து காது மரத்துவிட்டது. இலாசர் கண்ணுக்குப் பழகியதைப் போலவே மறைநூல் காதுக்குப் பழகிவிட்டது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மனிதருக்கு நடந்திருக்கின்றன. இது தற்செயலாக நடந்தது என்று நமக்குத் தோன்றவில்லை.

அதனால்தான் அவர் புதுமை கேட்கிறார். நாமும் கேட்கிறோம். எங்கோ ஒரு சுரூபம் கண்ணீர் விடுகிறதாம் என்றால் வேன் பிடித்துப் போகிறோம். வாட்ஸ்அப்பில் வரும் அதிசயக் காணொலியைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். நம் பங்குக் கோவிலில் ஞாயிறுதோறும் வாசிக்கப்படும் வாசகம் என்னவென்று மதியச் சாப்பாட்டின்போது கேட்டால் நினைவில் இருப்பதில்லை. திருப்பயணம் போவது நல்லதுதான். ஆகஸ்ட் 15க்குப் பரலோக மாதாவிடம் நடந்து போகிறவர்களின் பக்தியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆபிரகாம் சொல்வது வேறு. ஏற்கெனவே கையில் இருப்பதைக் கேட்காதவருக்கு, இறந்தவர் எழுந்து வந்து சொன்னாலும் பயனில்லை என்கிறார். யோவான் நற்செய்தியைப் படிப்பவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும். அங்கே இலாசர் என்ற பெயருள்ள வேறொருவர் கல்லறையிலிருந்து உயிரோடு வெளியே வருகிறார். அதைக் கேள்விப்பட்ட தலைமைக் குருக்கள் என்ன செய்தார்கள்? அவரையும் கொன்றுவிடலாமா என்று ஆலோசித்தார்கள்.

இயேசு வியப்படைந்ததாக நற்செய்திகள் சொல்வது இரண்டே நிகழ்ச்சிகளில்தான். ஒன்று, அவருடைய சொந்த ஊரான நாசரேத்தில். அவருடைய தாயைத் தெரியும், தொழிலைத் தெரியும், உறவினர்களையெல்லாம் தெரியும் என்ற அந்த மக்களின் நம்பிக்கையின்மையைக் கண்டு அவர் வியந்தார். மற்றொன்று, கப்பர்நாகூமில். அங்கே அவரை வியக்க வைத்தவர் உரோமைப் படையின் நூற்றுவர் தலைவர் ஒருவர். யூதர் அல்லர், தொழுகைக்கூடத்தில் வளர்ந்தவர் அல்லர். அவருடைய நம்பிக்கையைக் கண்டு இயேசு வியந்தார்.

அந்த நூற்றுவர் தலைவரை நமக்கு நன்றாகத் தெரியும். நற்கருணை வாங்குவதற்கு முன், ஒவ்வொரு திருப்பலியிலும், தகுதியில்லாத என் இல்லத்துக்குள் நீர் வர வேண்டாம், ஒரு சொல் போதும் என்ற பொருளில் நாம் சொல்வது அவருடைய சொற்களைத்தான். சொல்லிக்கொண்டே வரிசைக்காக எழுந்துவிடுகிறோம். செருப்பை எங்கே விட்டோம் என்று யோசிக்கிறோம். எந்தச் சூழ்நிலையில் அவர் அதைச் சொன்னார் என்பது நம் மனத்தில் வருவதில்லை. அவர் தனக்காக எதுவும் கேட்க வரவில்லை. வீட்டில் அவருடைய பையன் ஒருவன், வேலைக்காரன், முடக்குவாதத்தில் கிடந்தான். அவன் படும் வேதனையைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அந்த அதிகாரி தெருவில் வந்து நின்றார். ஒரு வீட்டு வாசலில் இலாசர் கிடந்தார். இன்னொரு வீட்டுக்குள் ஒரு வேலைக்காரன் கிடந்தான். முதல் வீட்டுக்காரர் மறைநூல் தெரிந்தவர்; இரண்டாம் வீட்டுக்காரர் அந்நியர். நாம் திவ்ய நற்கருணை வாங்கும் நேரத்தில் திருச்சபை நம் வாயில் வைத்திருப்பது அந்த இரண்டாமவரின் சொற்களை.

ஆகவே, நமது செபங்கள் பழகிப்போய்விட்டன, மாற்றிப் புதிதாகச் செய்வோம் என்று சொல்வதில் நமக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. புதிய பாட்டும் ஆறு மாதத்தில் பழையதாகிவிடும். மனப்பாடமாகச் சொல்வது தவறும் அல்ல. சாகக் கிடக்கும் பாட்டிக்குக் கடைசியில் கைகொடுப்பது மனப்பாடமான செபமாலைதான். செய்ய வேண்டியது, தெரிந்த சொல்லை இன்னும் ஒருமுறை அதன் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. வரும் ஞாயிறு அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது, அந்த நூற்றுவர் தலைவரைப் போல, நமக்காக அல்லாமல் நம் வீட்டில் அல்லது நம் தெருவில் முடங்கிக் கிடக்கும் ஒருவரை நினைத்துச் சொல்லிப் பார்ப்போம். பெயர் சொல்லி நினைப்போம்.

யார் அவர் என்று வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. இன்று விடியலில் கிளம்பும் ஆபீஸ் வண்டிகளில் பெரும்பாலும் பெண்கள். நாள் முழுக்க நின்றும் குனிந்தும் வேலை செய்கிற அவர்களில் பலர், மாலையில் நமக்கு முன்வரிசையில் செபமாலை சொல்கிறவர்கள்தான். 2021 டிசம்பர் 1ஆம் நாள் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது. 14 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த விலையேற்றம் என்று செய்தித்தாளில் படித்தோம். அந்த 14 ஆண்டுகளும் தினமும் இருமுறை தீக்குச்சி உரசினோம். பருப்பு விலை, எண்ணெய் விலை, எல்லாவற்றின் விலையும் எத்தனையோ முறை ஏறியிருக்க, இது மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது, அந்த ஒரு ரூபாய்க்குள் யாருடைய கூலி அடங்கியிருக்கிறது என்று அடுப்படியில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிள்ளைகளெல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட கிராமங்களில், கரிசல் வீட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தினமும் அவரைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறோம், "என்ன தாத்தா, சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே போகிறோம். அவர் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிடுகிறது. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களை எல்லாரும் சேர்த்து 'வடக்கன்' என்கிறோம். செல்வருக்காவது இலாசரின் பெயர் தெரிந்திருந்தது. கோவிலைப் பெருக்கி, பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, திருப்பலி தொடங்குமுன் பின்வாசல் வழியாகப் போகிறவர் இருக்கிறார். பிரதான வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பவர் இருக்கிறார். அவர் ஒரு ஞாயிறு வராவிட்டால் நமக்கு அது தெரியுமா?

2013 ஜூலை 8ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், உரோமைக்கு வெளியே தம் முதல் பயணமாக, இலாம்பெதூசா என்னும் சிறு தீவுக்குப் போனார். ஆப்பிரிக்காவிலிருந்து படகில் வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே கடலில் மூழ்கிக்கொண்டிருந்த காலம். பிறர் துன்பத்துக்கு உலகமே பழகிவிட்டது, அழக்கூட மறந்துவிட்டது என்று அவர் அன்று வருந்தினார். அத்தீவின் மக்களுக்கு அவர் நன்றியும் சொன்னார். ஒவ்வொரு படகும் பழைய படகைப் போலவே இருந்தாலும், அதில் வந்தவர்களை அவர்கள் கரையேற்றிக்கொண்டே இருந்தார்கள்.

நம் பங்கில் அன்பியக் கூட்டங்கள் நடக்கின்றன. வருகைப் பதிவேடு அங்கேயும் உண்டு. வந்தவர்களின் பெயரை எழுதுகிறோம். இந்த மாதம் அதோடு இன்னொரு பக்கத்தையும் திறக்கலாம். நம் தெருவில் வராதவர்கள், வர முடியாதவர்கள், நாம் கூப்பிடாதவர்கள் யார் யார் என்று எழுதலாம். நம் மதத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. இலாசர் என்ன செபம் சொன்னார் என்று நற்செய்தியில் இல்லை. எழுதிய பெயருக்கு உரியவர் வீட்டுக்கு இருவர் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். மறுவாரமும் போகலாம்.

உவமையை இயேசு முடிக்கும்போது அந்த ஐந்து சகோதரர்களும் உயிரோடுதான் இருக்கிறார்கள். தந்தையின் வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு வாசல் இருக்கிறது. அடுத்த ஓய்வுநாளில் அவர்கள் ஊர்த் தொழுகைக்கூடத்தில் மோசேயின் நூலை மறுபடியும் வாசிப்பார்கள்.